ஈயக்குண்டு தூக்கும் பாம்பன் பாலம்

பாம்பன் கடைத்தெருவில் வலைச்சாமான் விற்கும் கடை ஒன்றில் ஐம்பது கிராம் ஈயக்குண்டு நான்கும் பின்னல் நரம்பு ஒரு சுருளும் கேட்டேன். "எந்த வலைக்குத் தம்பி?" என்றார் கடைக்காரர். "வலைக்கு இல்லண்ணே, தூக்குப் பாலத்துக்கு" என்றேன். கைபேசியில் படத்தைக் காட்டியதும், நான் எடுத்து வைத்திருந்த தங்கூசிச் சுருளை மேசையிலிருந்து தள்ளிவிட்டு, "இது இழுத்தா நீளும். பாரம் தொங்குற வேலைக்குப் பின்னல்தான் நிக்கும்" என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். ஐந்து மாத வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள யோசனை அதுதான்.

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குக் கண்ணை (தூண்களுக்கு இடையில் மேலே ஏறும் பகுதியை), பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் மாதிரியாகச் செய்திருக்கிறேன். இப்படி அசையும் மாதிரிகளை மாதிரி ரயில் ஆர்வலர்கள் சிலர் தொடங்குவது கன்டெய்னர் கிரேனில். ஃபாலர், கிப்ரி, வால்தர்ஸ் போன்ற நிறுவனங்களின் ஒட்டுப்பெட்டிகள் அதற்கு உண்டு. நானும் தூத்துக்குடித் துறைமுகத்தை நினைத்து அப்படி ஒரு கிரேன் செய்து பார்த்தவன்தான். பாம்பனுக்குப் பெட்டி கிடையாது. அளவெடுப்பதில் தொடங்கி எல்லாமே நம் கையால்தான்.

எந்த அளவு?

பாலத்தின் மொத்த நீளம் சுமார் 2.08 கிலோமீட்டர். 18.3 மீட்டர் கண்கள் 99, நடுவே 72.5 மீட்டர் தூக்குக் கண் ஒன்று. அந்தக் கண் 17 மீட்டர் மேலே ஏறும். 1:87 அளவில் முழுப் பாலமும் கட்ட ஏறக்குறைய 24 மீட்டர் நீளக் கூடம் வேண்டும். தூக்குக் கண் மட்டுமே 83 சென்டிமீட்டர் வரும். வீட்டு மாடிக்கு ஏற்றது 1:160. அதில் தூக்குக் கண் 453 மில்லிமீட்டர், சாதாரணக் கண் 114 மில்லிமீட்டர், ஏற்றம் 106 மில்லிமீட்டர். எட்டடிப் பலகையில் பக்கத்துக்கு எட்டுக் கண்கள் வைத்தும் இரு முனையிலும் கொஞ்சம் கரைக்கு இடம் மிஞ்சுகிறது.

ஒரு சமரசம் உண்டு. 1:160-க்கு உலகெங்கும் கிடைக்கும் தண்டவாளம் 9 மில்லிமீட்டர் அகலம். நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர் என்பதால் 10.5 வர வேண்டும். கண்ணுக்கு இது பெரிதாக உறுத்தவில்லை. பழைய பாலத்தை மீட்டர் கேஜ் காலத்தில், அதாவது 2007-க்கு முன், காட்ட விரும்புகிறவர்களுக்கு அதிர்ஷ்டம்: இஸட் அளவின் 6.5 மில்லிமீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்திவிடும்.

உடற்பகுதி

தூக்குக் கண்ணின் கர்டரை முப்பரிமாண அச்சில் எடுத்தேன். வீட்டு அச்சுப்பொறிகளின் தட்டு பெரும்பாலும் 220 மில்லிமீட்டர்தான். ஆகவே மூன்று துண்டு. முதலில் பி.எல்.ஏ. இழையில் அச்சிட்டது பிழை. அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கினாலே இளகும். ராமநாதபுரத்து மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் ஒரே வாரத்தில் நடுவில் தொய்ந்துவிட்டது. இரண்டாம் முறை பி.இ.டி.ஜி. இழையில் எடுத்து, கீழ்ச்சட்டத்துக்குள் சைக்கிள் போக்ஸ் கம்பியைச் செருகி ஒட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு கோடை மாதம் கடந்தும் ஒரு மில்லிமீட்டர்கூட வளையவில்லை.

தூண்களுக்கு அச்சு வேண்டாம். ஒரு தூணைச் சன்போர்டில் கச்சிதமாகச் செய்து, சிலிக்கான் வார்ப்பு எடுத்து, பிளாஸ்டர் ஊற்றினால் போதும். கவனிக்க வேண்டியது அகலம். இன்று ஒரே பாதைதான் ஓடுகிறது என்றாலும் அடித்தளத்தை இரட்டைப் பாதைக்கும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். தூணை ஒற்றைப் பாதை அளவுக்குக் குறுக்கினால் பாலம் பாம்பன் போலவே இருக்காது.

மோட்டார்: மூன்று சோதனைகள்

முதலில் எஸ்.ஜி.90 சர்வோ. மலிவு, ஒன்பது கிராம் எடை. ஆனால் அது சுழல்வது 180 டிகிரிதான். அந்த அரைச் சுற்றில் 106 மில்லிமீட்டர் இழுக்க 67 மில்லிமீட்டர் விட்டத்தில் உருளை வேண்டும். செய்து பார்த்தேன். ஏறியது, ஆனால் மேலே நின்றபடியே நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த வேலைக்கு அது ஆகாது.

இரண்டாவது 28பி.ஒய்.ஜே.-48 ஸ்டெப்பர். ஒரு சுற்றுக்கு 2048 அடி (ஸ்டெப்). 10 மில்லிமீட்டர் உருளைக்கு மூன்றரைச் சுற்றுக்குள், ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான அடிகளில் கண் உச்சிக்குப் போய்விடுகிறது. வேகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். நான் ஏற்றத்துக்கு இரண்டு நிமிடம் வைத்தேன். இதிலும் ஒரு சிக்கல். கண்ணின் எடை 240 கிராம். அதை உச்சியில் நம்பிக்கையாக நிறுத்த மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கால்மணி நேரத்தில் மோட்டார் தொட முடியாத சூடு. இறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் கண் குலுங்கியது.

மூன்றாவது, அதே மோட்டாருடன் ஈயக்குண்டு. உண்மையான பாலத்தில் கோபுரங்களின் கப்பிகள் வழியே கம்பி வடங்கள் போய் எதிர்எடையில் முடிகின்றன. எடை இறங்கக் கண் ஏறும். மோட்டாருக்கு மிஞ்சுவது உராய்வும் இரண்டு பக்கத்துக்கும் உள்ள சிறு வித்தியாசமும்தான். கன்டெய்னர் கிரேனில் இப்படிச் செய்ய முடியாது. அங்கே வரும் பெட்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடை. பாலமோ ஆயுள் முழுக்க ஒரே எடையைத்தான் தூக்கப்போகிறது. அதனால்தான் அத்தனை பெரிய இரும்புச் சட்டத்துக்கு அடக்கமான மோட்டார்கள் போதுமாக இருக்கின்றன.

நான்கு மூலைக்கும் 623 எண் பால் பேரிங்கில் கப்பி. ஒவ்வொன்றிலும் ஐம்பது கிராம் குண்டு. குண்டின் அடியிலிருந்து ஒரு நரம்பு பலகைத் துளை வழியாக இறங்கி, இரண்டு கோபுரத்துக்கும் பொதுவான ஒரே தண்டில் சுற்றுகிறது. தண்டு ஒன்றாக இருப்பதால் ஒரு பக்கம் முந்துவதில்லை. குண்டின் எடையைச் சரிபார்ப்பதில்தான் நுட்பம். முதலில் ஈயத்தைக் கூட்டி, கண்ணைவிடப் பத்து கிராம் மட்டும் குறைவாக வைத்தேன். இறங்கும் வழியில் கண் பாதியில் நின்றுவிட்டது. வித்தியாசத்தை நாற்பது கிராமாக்கியதும் சீராக வந்து தாங்கியில் உட்கார்ந்தது. இப்போது உச்சிக்குப் போனதும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறேன். பல்சக்கர உராய்வே பிடித்துக்கொள்கிறது. மோட்டார் சூடாவதே இல்லை.

ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் குண்டுக்கு இரண்டு கோட் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

தண்டவாளம் சேருமிடம்

இந்த மாதிரியின் பலவீனம் இங்கேதான். கண் இறங்கி உட்காரும்போது தண்டவாளம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் பெட்டி கவிழ்கிறது. இரு முனையிலும் கூம்பு முனை ஊசியும் பித்தளைக் குழாயும் வைத்தபின் நூறு முறை ஏற்றி இறக்கியதில் மூன்று முறைதான் பிசகியது. அது இன்னும் எனக்குத் திருப்தியில்லை. தாங்கியில் ஒரு மைக்ரோ சுவிட்ச் கட்டாயம் வையுங்கள். கண் முழுதாக அமராதவரை இரு பக்கத் தண்டவாளத்துக்கும் மின்சாரம் போகக் கூடாது.

நுணுக்க வேலை

கிரேன் மாதிரிகளில் துருவை அள்ளிப் பூசிப் பழகிய கை இங்கே அடங்க வேண்டும். உப்புக் காற்றைத் தாங்கப் புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைக் கட்டுமானத்தில் போட்டிருக்கிறார்கள். இதில் துரு வரைந்தால் அது பொய். வயதைக் காட்ட வேண்டிய இடம் தண்ணீர்மட்டம். இங்கே ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். தூணில் ஆறு மில்லிமீட்டர் பட்டையாகப் பாசியும் கொட்டலசும் வரைந்தால் தூண் கடலுக்குள் இறங்கிவிடும். பாலத்தின் இருபுறமும் உள்ள வடகடலையும் தென்கடலையும் ஒரே நிறத்தில் ஊற்றாதீர்கள். இரண்டு கரையிலும் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்துவிட்டு நிறம் கலக்குங்கள்.

கரையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் கம்பத்தை மறக்க வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலையே கடலுக்குக் கொடுத்த ஊர் இது. சேதமான பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீட்டார்கள். பின்னாளில் பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும் ஏற்பாடும் இருந்தது. குண்டூசித் தலையில் மூன்று கிண்ணம் ஒட்டி ஒரு காற்றுமானி செய்ய ஒரு மாலைப்பொழுது போதும்.

என் தீர்ப்பு

செலவு 6,500 ரூபாய்க்குள் முடிந்தது. பாதிக்கு மேல் அச்சுக் கூலி. மின்பகுதிகள் ஆயிரத்தைத் தாண்டவில்லை. சாலிடரிங் பழகியவர்கள், நான்கைந்து மாதம் பொறுமையாக உட்காரக்கூடியவர்கள் தயங்காமல் இறங்கலாம். முதல் முறை செய்கிறவர்களுக்குப் பழைய பாலத்தின் ஷெர்சர் கண்ணைப் பரிந்துரைக்கிறேன். 1914-இல் திறந்த அந்தப் பாலத்தின் இரண்டு இறக்கைகளும் ஆட்கள் கையால் சுற்ற, வளைந்த அடிப்பாகத்தில் உருண்டு பின்வாங்கியபடியே நிமிர்ந்துவந்தன. அரைச் சுற்றுக்குள் முடியும் வேலை என்பதால் நான் ஒதுக்கிய எஸ்.ஜி.90 சர்வோ அங்கே சரியாகப் பொருந்தும். 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் போக்குவரத்து நின்றுபோனது. என் பலகையில் புதிய பாலத்துக்குப் பக்கத்தில் அதற்கான தூண்களை ஏற்கெனவே ஊற்றி வைத்துவிட்டேன்; 6.5 மில்லிமீட்டர் தண்டவாளமும் வாங்கியாயிற்று.