அட்டைக்குள் திறக்கும் கதவு

1888-இல் லண்டனில் தொடங்கிய ‘கோல்டன் டான்’ என்னும் மந்திர சங்கம் தன் உறுப்பினர்களுக்குப் பல வித்தைகளைக் கற்பித்தது. அவற்றுள் ஆழமான உழைப்பு தெரிவது மனக்காட்சிப் பயிற்சியில்தான். அதற்கு ஐந்து அட்டைகள் போதும். நிலத்துக்கு மஞ்சள் சதுரம், நீருக்கு வெள்ளிப் பிறை, நெருப்புக்குச் சிவப்பு முக்கோணம், காற்றுக்கு நீல வட்டம், ஆகாயத்துக்குக் கருநீல முட்டை. நம் பஞ்சபூதங்களேதான்; ராம பிரசாத் என்ற இந்தியர் தத்துவங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1890-இல் வெளிவந்த நூல் அந்த வட்டாரத்தில் ஊன்றிப் படிக்கப்பட்டது.

செய்முறை எளிது. சிவப்பு முக்கோணத்தைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால், பச்சைச் சாயலில் ஒரு முக்கோணம் மிதக்கும். கண்ணை மூடி அதைக் கதவளவு பெரிதாக்கி, உள்ளே நுழைய வேண்டும். மிதப்பது மாயமன்று, விழித்திரையின் நிற உணர்செல்கள் சோர்வதால் வரும் எதிர்நிறப் பிம்பம். இந்தப் பயிற்சியின் பெரிய பலமே அதுதான். “கற்பனை செய்” என்ற வெற்றுக் கட்டளையால் திணறும் புதியவருக்கு முதல் உருவத்தை உடலே தந்துவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் மேலே போகலாம்.

பழகப் பழகக் காட்சி கூர்மையாகும் என்பதும் உண்மை. மானிடவியலாளர் தான்யா லுர்மன் லண்டன் மாந்திரிகக் குழுக்களோடு தாமும் பயின்று, 1989-இல் நூல் எழுதினார். தம் மனப்படங்கள் தெளிவடைந்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். ஆனால் பயிற்சி நீள நீள, நடப்பதையெல்லாம் மந்திரத்தின் கண்ணால் பொருள்கொள்ளும் பக்கமாக மனம் மெல்லச் சாய்வதையும் அவர் கண்டார். சாய்வது சாய்கிறவருக்குத் தெரிவதில்லை.

சிக்கல் இங்கேதான். 1890-இல் சங்கத்தில் சேர்ந்த கவிஞர் யேட்ஸ், சங்க நிறுவனர்களில் ஒருவரான மேக்ரிகர் மேத்தர்ஸ் தந்த ஓர் அட்டையோடு கண்ணை மூடியபோது, பாலைவனத்தில் பழைய இடிபாடுகளுக்கிடையே ஒரு கரிய பேருரு எழுவதைக் கண்டதாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். அது நெருப்பு இனத்து உயிர் என்றார் மேத்தர்ஸ். அட்டையைக் காட்டாமல் தாம் மனத்தில் நினைத்திருந்தாலே போதும் என்றும் சொன்னார். காட்சிக்குப் பொருள் சொன்னவர் அட்டையைத் தேர்ந்தவரேதான். இப்படி ஒரு விளக்கம் எந்தக் காட்சிக்கும் பொருந்திவிடும்.

சங்கத்தில் சோதனை முறையும் இருந்தது. காட்சியில் ஐயம் வந்தால் தெய்வப் பெயர்களை ஒலிப்பார்கள், எபிரேய எழுத்துகளை மனத்தால் வரைவார்கள். பொய் உருவம் மறையும் என்பது நம்பிக்கை. சோதிப்பதும் அதே மனம், சோதிக்கப்படுவதும் அதே மனம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் செவ்ஸ் பெர்கி செய்து 1910-இல் வெளியிட்ட சோதனை இதை வேறு திசையிலிருந்து காட்டியது. வாழைப்பழத்தைக் கற்பனை செய்யச் சொல்லிவிட்டுத் திரையில் மங்கலாகக் காட்டிய படத்தைப் பங்கேற்றவர்கள் தம் கற்பனை என்றே நம்பினார்கள். உள்ளிருந்து வந்தது எது, வெளியிலிருந்து வந்தது எது என்று பிரித்தறிவதில் மனம் அவ்வளவு எளிதாகத் தவறுகிறது.

இந்தப் பயிற்சியின் இன்னொரு குறை இரக்கமற்றது. காட்சி வராதவருக்கு இதில் இடமில்லை. மனப்படமே தோன்றாதவர்கள் உண்டு என்பதை ஆங்கில அறிவியலாளர் பிரான்சிஸ் கால்ட்டன் 1880-லேயே கண்டார். 2015-இல் அந்த நிலைக்கு ‘அஃபான்டேசியா’ என்று பெயர் வந்தது. அவர்களிடம் அட்டையைக் கொடுத்து இன்னும் முயலச் சொல்வது வெறும் வதை. அவர்களுக்கு ஒலியும் தொடுவுணர்வும் சொல்லும் வழியாகலாம்.

கவனத்தைக் குவிக்கவும், கவிதைக்கும் ஓவியத்துக்கும் உருவம் தேடவும் இது நல்ல பயிற்சி. மறைபொருளை அறியும் கருவி என்று சொல்ல இதுவரை ஆதாரம் இல்லை. பயில விரும்புகிறவர்கள் ஒன்றைச் செய்யட்டும்: எந்த அட்டை என்று காட்டுபவருக்கும் காண்பவருக்கும் தெரியாதபடி அதை உறையிலிட்டு, கண்டதை முழுவதும் எழுதிவிட்டு, அதன் பிறகு உறையைப் பிரிக்கட்டும்.