வெடிக்கு முந்தைய நிமிடங்கள்

அட்சுஷி ஓனிட்டா என்றதும் ஜப்பானிய மல்யுத்த ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது முள்கம்பி, வெடி, பிறகு ரிங்கின் நடுவில் நின்று அவர் அழும் அழுகை. அவரை ரத்தம் காட்டிப் பிழைத்தவர் என்று ஒதுக்குகிறவர்களும் தெய்வமாகக் கொண்டாடுகிறவர்களும் இந்த மூன்றைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நீளும் ஒரு வாழ்க்கையை எடைபோட இவை போதாது. 1989 முதல் 1995 வரையிலான ஆறே ஆண்டுகளில் அவர் ஒரு கலையை உருவாக்கினார். அந்தக் கலையின் உயிர் ரத்தத்தில் இல்லை, காத்திருப்பில் இருந்தது. ஏதோ நடக்கப்போகிறது என்று பல்லாயிரம் பேரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கும் வித்தை அது. பிற்பாடு அதைத் தேய்த்ததிலும் அவருக்கே பெரும் பங்கு உண்டு.

ஓனிட்டா 1957இல் நாகசாகியில் பிறந்தவர். பதின்வயதிலேயே ஜயண்ட் பாபாவின் ஆல் ஜப்பான் நிறுவனத்தில் சேர்ந்து, பாபாவுக்கு எடுபிடி வேலை செய்துகொண்டே மல்யுத்தம் கற்றார். 1982இல் அமெரிக்காவில் சாவோ கெரெரோவை வென்று இளநிலை எடைப்பிரிவுப் பட்டத்துடன் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஒரு ஆட்டத்தை வென்றுவிட்டு ரிங்கிலிருந்து கீழே குதித்தபோது இடது முழங்கால் சில்லு நொறுங்கியது. ஆட்டம் முடிந்தபின் நேர்ந்த காயம் அது. 1985 தொடக்கத்தில், இருபத்தேழு வயதில், ஓய்வு அறிவித்தார். மிச்ச வாழ்க்கை முழுவதும் ஒரு கால் சரியில்லாமல்தான் ரிங்கில் நின்றார் என்பதை மறந்துவிட்டு அவரை மதிப்பிட முடியாது. பறக்க முடியாதவர், நெடுநேரம் பிடிபோட்டு மல்லுக்கட்ட முடியாதவர், தன்னிடம் மிஞ்சியதை வைத்து என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

ஓய்வை விட்டு அவர் திரும்பி வந்த காலத்தில் யுடபிள்யுஎஃப் என்ற மல்யுத்த நிறுவனம் ஜப்பானைக் கட்டிப்போட்டிருந்தது. நிஜச் சண்டையை ஒட்டிய உதைகள், மூட்டுப்பிடிகள், அலங்காரமற்ற மேடை என்பது அவர்கள் பாணி. அவர்களுக்குச் சவால் விட 1988இல் அரங்கத்துக்கே போன ஓனிட்டாவிடம், டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மறு ஆண்டு கையிலிருந்த ஐம்பதாயிரம் யென்னை முதலாக வைத்து எஃப்எம்டபிள்யுவைத் தொடங்கினார் என்பது அந்த நிறுவனத்தின் பிறப்புக் கதை. தொலைக்காட்சி ஒப்பந்தம் இல்லை, பெரிய நட்சத்திரங்கள் இல்லை. ஆனால் அமெரிக்காவில் டென்னசி, மிசிசிப்பி பக்கம் ஆடிய நாட்களில் டுபெலோ ஊரில் ஒரு சண்டை ரிங்கை விட்டு வெளியேறி, தின்பண்டக் கடைவரை போய்ப் புரண்டதை அவர் நேரில் அனுபவித்திருந்தார். ஒழுங்கு குலைந்தால் கூட்டம் எப்படி எழுந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

1990 ஆகஸ்ட் 4 அன்று டோக்கியோவின் ஷியோடோமே திடலில் டார்சன் கோட்டோவுக்கு எதிராக அதுவரை யாரும் பார்த்திராத ஒன்றை மேடையேற்றினார். ரிங்கின் கயிறுகளைக் கழற்றிவிட்டு முள்கம்பி கட்டினார்கள். கம்பியில் சிறு வெடிகள் பொருத்தப்பட்டிருந்தன. உடம்பு கம்பியில் பட்டால் மின்சுற்று இணைந்து வெடிக்கும். இந்த ஏற்பாட்டின் கூர்மை எங்கே இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். வழக்கமான ஆட்டத்தில் கயிறு ஒரு வசதி. அதில் சாயலாம், அதில் மோதி வேகம் எடுக்கலாம், பிடியிலிருந்து தப்ப அதை எட்டிப் பிடிக்கலாம். இங்கே அந்தக் கயிறே பகை. ஆகவே ஒரு சாதாரணத் தள்ளுகூட உயிர்ப்பிரச்சினை ஆகிவிடுகிறது. எதிராளியைக் கம்பியை நோக்கி இழுத்து வீசும்போது அவர் தரையில் குப்புற விழுந்து, கம்பிக்குச் சில அங்குலம் முன்னால் நின்றுவிடுவார். ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அரங்கம் அலறும். முழங்கால் போன ஒரு மல்லர் நுணுக்கமான பிடி எதுவும் போடாமலே கூட்டத்தைக் கையில் வைத்திருந்தது இப்படித்தான். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம், சிறந்த வீரர் என்ற இரண்டு டோக்கியோ ஸ்போர்ட்ஸ் விருதுகளும் அவருக்கே கிடைத்தன.

அவருடைய உச்சம் என்று நான் கருதுவது 1993 மே 5, கவாசாகி மைதானம், எதிரே டெர்ரி ஃபங்க். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் ஓனிட்டா ரத்தத்தில் நச்சேறி மருத்துவமனையில் சாகக் கிடந்தார். ஃபங்குக்கு வயது நாற்பத்தெட்டு. ஆல் ஜப்பானில் எடுபிடியாக இருந்தபோது ஓனிட்டா அண்ணாந்து பார்த்த நட்சத்திரம் அவர். நாற்பத்தோராயிரம் பேர் வந்ததாக நிறுவனம் அறிவித்தது. இந்த முறை முள்கம்பி வெடிகளோடு ஒரு நேர வெடியும் இருந்தது. குறித்த நேரம் ஆனதும் ரிங்கே வெடிக்கும். ஓனிட்டா ஃபங்கை வீழ்த்தி ஆட்டத்தை முடித்துவிடுகிறார். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியே வந்தவர் திரும்பிப் பார்க்கிறார், ஃபங்க் எழவில்லை. மறுபடி உள்ளே போய் அவரை உலுக்குகிறார், அறைகிறார், தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை. விநாடிகள் தீரும் நேரத்தில் ஃபங்கின்மேல் படுத்துத் தன் உடம்பால் அவரை மூடிக்கொள்கிறார். பிறகுதான் வெடி. வெற்றி தோல்வி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மக்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒருவன் தான் வீழ்த்தியவனை விட்டுவிட்டுப் போவானா, மாட்டானா என்பதை.

இதெல்லாம் முன்பே பேசி வைத்ததுதானே என்று ஒருவர் கேட்கலாம். ஆமாம், முடிவு பேசி வைத்ததுதான். தெருக்கூத்தில் துரியோதனன் சாவான் என்று தெரிந்துதான் விடியும்வரை உட்காருகிறோம். முடிவு தெரிந்திருப்பது குறையாகாது. கம்பியின் முள்ளும் தோலின் கிழிசலும் நிஜம் என்பதுதான் டெத் மேட்ச் எனப்படும் இவ்வகை ஆட்டத்தின் சிக்கல். நடிப்பின் பொருட்டு நிஜ உடம்பை எவ்வளவு தூரம் செலவழிக்கலாம் என்ற கேள்விக்கு ஓனிட்டாவிடம் ஒழுங்கான பதில் இருந்ததே இல்லை. 1992 மே மாதம் ஹியோகோ மாவட்டத்தின் சாண்டாவில் நடந்தது இதற்கு அழியாத சான்று. கயிறுகளுக்குப் பதிலாகக் கட்டிய முள்கம்பியில் எரிபொருள் நனைத்த துணிகளைச் சுற்றிக் கொளுத்தினார்கள். திறந்தவெளியில் தீ எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் சரியாகக் கணிக்கவில்லை. சில நிமிடங்களிலேயே ரிங் உலைக்களமாகி, உள்ளே இருந்த நால்வரும் உயிர் தப்ப வெளியே பாய்ந்தார்கள். அவர்களில் அறுபதைத் தாண்டியிருந்த ஷீக் என்ற மல்லர் கடுமையான தீக்காயம் பட்டார். அதைத் துணிச்சல் என்று புகழ்ந்து எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது அலட்சியம். ஷியோடோமேயில் ஆபத்துக்கு ஓர் அளவு இருந்தது, ஆகவே அதைச் சுற்றிக் கதை சொல்ல முடிந்தது. சாண்டாவில் அளவு தவறியதும் கதையும் இல்லாமல் போயிற்று. எல்லோரும் ஓடினார்கள், அவ்வளவுதான்.

எஃப்எம்டபிள்யுவின் மிகக் கொடிய காயத்துக்கும் முள்கம்பிக்கும் தொடர்பில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2001 அக்டோபரில் அந்நிறுவனத்தின் மல்லர் ஹயாபுசா இரண்டாம் கயிற்றிலிருந்து பின்புறமாகத் தாவும்போது கால் வழுக்கிக் கழுத்தில் விழுந்தார், உடல் செயலிழந்தது. ஆயிரம் முறை செய்த தாவல் அது. ஓனிட்டாவின் முழங்காலும் சும்மா குதித்ததில் போனதுதான். இது டெத் மேட்ச்சுக்கு நற்சான்று ஆகாது. ஆனால் ஆபத்து அதில் மட்டுமே குடியிருப்பதாக நினைப்பவர்கள் மல்யுத்தத்தையே சரியாகப் பார்க்கவில்லை.

ஓனிட்டாமீது எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் ரத்தம் பற்றியதல்ல, அவர் கொடுத்த வாக்கைப் பற்றியது. 1995 மே 5 அன்று அதே கவாசாகியில் அவருக்கு விடை கொடுக்க ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாகக் கணக்கு. அவர் அழுதார், மைதானமே சேர்ந்து அழுதது. எதிரே நின்ற ஹயாபுசாவிடம் நிறுவனம் ஒப்படைக்கப்பட வேண்டிய நாள் அது. அந்த ஆட்டத்தைக்கூட ஓனிட்டாவே வென்றார். கிளம்பிப் போகிறவர் இளையவனிடம் தோற்றுவிட்டுப் போவது இத்தொழிலின் மரபு. அந்தத் தோல்வியே வாரிசுக்குத் தரும் சொத்து. அதைத் தராமல் போனவர் 1996 டிசம்பரில் திரும்பியும் வந்துவிட்டார். பிறகு ஓய்வு, மறுவருகை, மீண்டும் ஓய்வு. 2017 அக்டோபரில் கொராகுவென் மண்டபத்தில் மறுபடி விடைபெற்று அடுத்த ஆண்டே மறுபடி வந்தார். திறமை குறைந்த மல்லர் ஒருவர் இதைச் செய்திருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஓனிட்டா விற்றதோ தன் உண்மையை. இவன் நுணுக்கம் தெரியாதவன், ஆனால் பொய் சொல்லாதவன் என்ற நம்பிக்கையில்தான் உழைத்துக் களைத்த மனிதர்கள் மைதானத்தை நிறைத்தார்கள். ஒவ்வொரு மறுவருகையும் அந்த நம்பிக்கையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது.

1999இல் நியூ ஜப்பான் மல்யுத்த நிறுவனத்துக்குள் நுழைந்து டோக்கியோ டோமில் மசாஹிரோ சோனோவோடு மோதியதும், ஓய்விலிருந்த ரிக்கி சோஷூவை 2000 ஜூலையில் யோகோஹாமாவில் முள்கம்பிக்குள் இழுத்து வந்ததும் வியாபாரத் தந்திரமாகப் பெரிய சாதனைகள். கலையாக அவற்றில் புதிதாக எதுவும் இல்லை. 2001 முதல் 2007 வரை ஜப்பான் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக இருந்ததும் அந்தப் பெயரின் விளைச்சலே.

அவருடைய செல்வாக்கு கடல் தாண்டியது. எஃப்எம்டபிள்யுவில் ஆடிய சாபு அந்த முரட்டுப் பாணியை அமெரிக்காவின் ஈசிடபிள்யுவுக்குக் கொண்டுபோனார். 2021 மார்ச்சில் ஏஇடபிள்யு நிறுவனம் கென்னி ஒமேகா, ஜான் மாக்ஸ்லி இருவரையும் வைத்து இதே வெடி ஆட்டத்தை நடத்தியது. முடிவில் எடி கிங்ஸ்டன் ஓடிவந்து மாக்ஸ்லிமேல் படுத்துக்கொண்டார். கவாசாகிக் காட்சி அப்படியே. கடைசி வெடி மட்டும் வெறும் மத்தாப்பாகப் புஸ்ஸென்று போயிற்று. பலரும் வெடி மருந்தைக் குறை சொன்னார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். ஃபங்குக்கும் ஓனிட்டாவுக்கும் நடுவே இருந்த பத்தாண்டுக்கும் மேற்பட்ட உறவும், மரணப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தவனின் உடம்பும்தான் அன்றைய வெடிக்குக் கனம் தந்தன. அவை இல்லாமல் ஏற்பாட்டை மட்டும் எடுத்துவர முடியாது.

ஓனிட்டாவிடமிருந்து கற்றதை உண்மையில் வளர்த்தவர் ஜுன் காசாய். 2009 நவம்பரில் கொராகுவென் மண்டபத்தில் ரியூஜி இட்டோவோடு அவர் ஆடிய ஆட்டத்தில் வெடி இல்லை, மைதானம் இல்லை. சவர பிளேடுகள் பதித்த பலகை ஒன்று. யாரும் விழாதவரை அது வெறும் பலகை. அதன்மேல் யார் விழப்போகிறார்கள் என்று அந்தச் சிறிய மண்டபம் தவித்தது. டெத் மேட்ச் என்பது உயிரோடு வீடு திரும்புவதற்காக ஆடுவது என்ற கொள்கையைக் காசாய் வெளிப்படையாகவே பேசி வருபவர். ஓனிட்டா தியாகியாக நின்றார், காசாய் குடும்பஸ்தனாக நிற்கிறார். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான டோக்கியோ ஸ்போர்ட்ஸ் விருதை, பெரிய நிறுவனங்களின் பட்ட ஆட்டங்களைத் தாண்டி, அந்தப் பிளேடுப் பலகை ஆட்டம்தான் பெற்றது.