பொய்யிரையிலிருந்து கைப்பிடி வரை

தூண்டில் சாமான் விற்கும் கடைக்குள் நுழைகிறவர் முதலில் கையில் எடுப்பது கோலைத்தான். அமெரிக்காவின் தென் மாகாணங்களில் உள்ள பெரிய கடைகளில் சுவரோரமாக நூற்றுக்கணக்கான கோல்கள் அணிவகுத்து நிற்க, வந்தவர் ஒவ்வொன்றையும் எடுத்துக் காற்றில் இரண்டு தடவை வீசி, நுனி துடிக்கிற அழகில் சொக்கிப்போய் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதன் நிறத்துக்கு இசைந்த, தூண்டில் நரம்பைச் சுற்றும் ஒரு ரீலைப் பூட்டச் சொல்லி, மிச்சமிருக்கிற பணத்துக்குக் கண்ணில் பட்ட பொய்யிரைகளை வாரிக்கொண்டு போவது வழக்கம். பாஸ் மீன் பிடிக்கும் கலையில் இந்தக் கிரமம் தலைகீழானது என்பது என் திடமான அபிப்பிராயம். மீனின் சுபாவத்திலிருந்து பொய்யிரைக்கும், பொய்யிரையிலிருந்து கோலுக்கும், அதற்கும் பிறகே ரீலுக்கும் வந்து, கடைசியில் கைப்பிடியில் முடிகிற தேர்வுதான் தேர்வு. மற்றதெல்லாம் வெறும் கொள்முதல்.

பெரியவாய்ப் பாஸ் என்ற இந்த நன்னீர் மீன் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சொந்தமானது. பச்சை உடம்பும், விலாவில் நீளவாக்கில் ஓடும் கரும்பட்டையும், கண்ணையும் தாண்டிப் பின்னால் போகிற மேல்தாடையும் அதன் லட்சணங்கள். இரையை நெடுந்தூரம் துரத்துவது அதற்கு அவ்வளவாகப் பிடிக்காத காரியம்; மூழ்கிக் கிடக்கும் மரம், அல்லி இலைப் பரப்பு, படகுத்துறைத் தூண் ஆகியவற்றின் நிழலில் ஒதுங்கியிருந்து, பக்கத்தில் வருவதை வாயைத் திடீரென்று விரித்துத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். வாய்க்குள் போனது உயிரில்லாத வஸ்து என்று தெரிந்தால் வந்த வழியே உமிழ்ந்துவிடும். உறிஞ்சுவதற்கும் உமிழ்வதற்கும் இடையிலுள்ள அந்தச் சொற்ப நேரத்தைக் கைக்கு அறிவிப்பதற்காகவே இந்தக் கருவிகளின் சூட்சுமம் முழுவதும் வளர்ந்திருக்கிறது. 1968-ல் பாஸ் பிடிப்பவர்களுக்கென்று சங்கம் கண்ட ரே ஸ்காட் என்பவர், சில ஆண்டுகளுக்குள் போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் பழக்கத்தையும் புகுத்தியதிலிருந்து, இந்த மீனுக்கும் அடுப்புக்கும் இருந்த சம்பந்தம் அங்கே பெரும்பாலும் அறுந்துவிட்டது. வயிற்றுக்காகப் பிடிக்கிறவன் வலையை நாடுவான்; பயனைத் துறந்துவிட்டவனுக்குத்தான் கருவியின் மேல் இத்தனை மோகம் பிறக்கிறது.

பொய்யிரைகளின் சரித்திரமே கைவேலைக்காரர்களின் சரித்திரம். மிச்சிகன் மாகாணத்தில் டோவாஜியாக் என்ற சிற்றூரில் தேனீ வளர்ப்பில் பெயர் பெற்றிருந்த ஜேம்ஸ் ஹெடன் மரத்தில் தவளை செதுக்கிப் போட்டதில் ஒரு பெரிய தொழிலே முளைத்தது. ஒஹையோவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949-ல் மெத்தென்ற பிளாஸ்டிக்கில் மண்புழுவை வார்த்தெடுத்தார். இன்றைக்கு விற்கும் புழு, பல்லி, நண்டு உருவங்களெல்லாம் அந்தப் புழுவின் சந்ததிகள். இவர்களையெல்லாம்விட என் மனத்துக்கு நெருக்கமானவர் டென்னஸியின் ஓக் ரிட்ஜ் ஊர்க்காரரான பிரெட் யங். 1960-களின் பிற்பகுதியில் அவர் பால்சா மரத்தில் கத்தியால் செதுக்கிய ‘பிக் ஓ’ என்ற தொந்தி பெருத்த பொய்யிரைகள் அவ்வளவு அருமையாக இருந்தபடியால், போட்டிக்கு வந்தவர்கள் அவற்றை நாள் வாடகைக்கு வாங்கி வீசினார்கள் என்று சொல்வதுண்டு. பின்னால் காட்டன் கார்டெல் நிறுவனம் அதே உருவத்தைப் பிளாஸ்டிக்கில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்றது. ஆனால் பால்சாவின் குணம் பிளாஸ்டிக்கில் இறங்கவில்லை என்று இன்னும் வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் கட்சியில் நானும் ஒருவன். பால்சா இலேசான மரம். நரம்பை மெதுவாக இழுத்தாலும் உடம்பு உடனே நெளியத் தொடங்கும், இழுப்பை நிறுத்தினால் விருட்டென்று மேலே எழும், மரக்கிளையில் முட்டினால் பின்வாங்கிச் சுற்றிக்கொண்டு வரும். பாறையில் ஓங்கி மோதினால் உடைந்துபோகும் என்பதும் உண்மைதான். அபூர்வமான வஸ்துக்களுக்கு அந்தப் பலவீனம் இருக்கத்தான் செய்யும்.

கடையில் வாங்கிய பொய்யிரையை அப்படியே நீரில் போடுகிறவர் பாதி ரசிகர்தான். கிராங்க்பெயிட் என்ற வகையில் முகத்துக்குக் கீழே உதடுபோல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும்; நரம்பைச் சுற்றச் சுற்றத் தண்ணீர் அந்தத் தகட்டைத் தாக்கி, இரையை ஆழத்துக்கு அழுத்தி, உடம்பை இடமும் வலமும் ஆட்டும். அது நேராக ஓடாமல் ஒரு பக்கம் சாய்ந்து வந்தால், மூக்கில் உள்ள கம்பி வளையத்தைக் குறடால் பிடித்து, சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மயிரிழை அளவு வளைக்கவேண்டும். வளைத்தது கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம். மறுபடி படகோரத்தில் ஓடவிட்டுப் பார்த்து, மறுபடி ஓர் இழை வளைத்து, வேகமாக இழுத்தாலும் கோடு கிழித்தாற்போல் வரும் வரைக்கும் பொறுமை காட்டுகிறவருக்கு, பொய்யிரை பேசத் தொடங்குகிறது. ஜெர்க்பெயிட் என்ற ஒல்லியான வகைக்கு வேறொரு சிகிச்சை. வெட்டி வெட்டி இழுத்து நிறுத்தும்போது அது மேலேயும் எழாமல், கீழேயும் அமிழாமல், நீரின் நடுவே அந்தரத்தில் நிற்கவேண்டும். குளிர்ந்த நீர் அடர்த்தி மிக்கதாகையால், கோடையில் அசையாமல் நின்ற இரை மாரிக்காலத்தில் மெல்ல மேலே ஏறும். அதற்காக முள்ளின் காம்பில் ஈயக்கம்பியைச் சுற்றியோ, வயிற்றில் ஈயப் பொட்டை ஒட்டியோ, மிருதங்க வித்வான் தொப்பியில் ரவையை அப்பி அப்பிச் சுருதி சேர்ப்பதுபோல, ஒரு துணுக்கு கூட்டி ஒரு துணுக்கு குறைத்துப் பதம் பார்ப்பார்கள். ஈயத்தை ஒட்டும் இடம் முன்னே போனால் தலை கவிழும், பின்னே போனால் வால் தொங்கும்.

ஜிக் என்பது ஈயத் தலையும் ரப்பர்க் குஞ்சமும் கொண்ட முள். கடைக் குஞ்சம் எப்போதும் நீளமாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். கத்தரிக்கோலால் முள்வளைவுக்குச் சற்றுக் கீழே நறுக்கிவிட்டால் இழைகள் விறைத்து, நீரில் உயிரோடு விரிந்து மூடும். பாசி மாட்டாமலிருக்க முன்னால் வைத்திருக்கும் நார்க்கற்றையிலும் சிலவற்றைக் களையலாம்; அந்தக் கற்றை தடித்திருந்தால் பாசியைப் போலவே மீனையும் தடுத்துவிடும். நிறங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. கலங்கல் நீருக்குக் கறுப்பும் பளிச்சென்ற மஞ்சளும், தெளிநீருக்குக் கண்ணாடிபோன்ற மங்கல் நிறமும் போதும். மற்ற நூறு நிறங்கள் மனிதனைப் பிடிப்பதற்காகப் பூசப்பட்டவை.

இனிக் கோல். அதன் அடியில் அச்சிட்டிருக்கும் எழுத்துக்கள் இரண்டு சங்கதிகளைச் சொல்கின்றன: வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது ஒன்று, எந்த இடத்தில் வளைகிறது என்பது மற்றொன்று. புதியவர்கள் முதலாவதையே பார்க்கிறார்கள். ரசிகர் இரண்டாவதைப் பார்ப்பார். ஜிக்குக்கும் பிளாஸ்டிக் புழுவுக்கும் ஒற்றை முள். அது கனத்த தாடைக்குள் இறங்க வேண்டுமானால், நுனியில் மட்டும் வளைந்து உடனே விறைக்கிற கார்பன் கோல் வேண்டும். நரம்பின் வழியே வரும் ‘டொக்’ என்ற சிறு தட்டு உள்ளங்கையில் விழுவதும் அதில்தான். கிராங்க்பெயிட்டில் தொங்குவதோ சின்னச் சின்ன மும்முனை முட்கள். பாஸ் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும்போது விறைத்த கோல் அவற்றைப் பிய்த்து எறிந்துவிடும். நடு உடம்பு வரை தழைந்து கொடுக்கிற, கொஞ்சம் மந்தமான கண்ணாடியிழைக் கோல்தான் இங்கே உத்தமம். 1970-களில் கார்பன் கோல்கள் வந்தபோது கண்ணாடியிழைக்குக் காலம் முடிந்துவிட்டது என்றே எண்ணினார்கள். ஆனால் கிராங்க்பெயிட் வீசுகிறவர்கள் அதை விடவில்லை. விலை உயர்ந்த வஸ்துவே சிறந்த வஸ்து என்று எண்ணுகிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

வெற்றுக் கோலை வாங்கித் தாமே கட்டிக்கொள்கிறவர்கள் ஒரு தனி ஜாதி. வளையங்களைத் தற்காலிகமாக ஒட்டி, நரம்பைக் கோத்து, நுனியில் எடையைத் தொங்கவிட்டு, கோல் வளைகிற வளைவை நரம்பும் ஒட்டித் தொடருகிறதா என்று பார்த்து, தொடராத இடத்தில் வளையத்தை ஒரு விரல் நகர்த்தி, திருப்தி ஏற்பட்ட பிறகே நூல் சுற்றத் தொடங்குவார்கள். இழையோடு இழை உராய்ந்து இடைவெளியின்றிப் படிந்த நூலின் மேல் எபாக்ஸிப் பசையைத் தடவி, அது ஒரு பக்கமாக வழிந்து திரளாமலிருக்க மணிக்கணக்காகக் கோலை மெல்ல உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கைப்பிடிக்குத் தக்கையா, ரப்பர் நுரையா என்ற விவாதத்தில் நான் தக்கையின் பக்கம். ஈரக்கையில் அதன் ஸ்பரிசம் வேறு.

ரீலின் வமிசாவளி விசித்திரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கென்டக்கியிலுள்ள பாரிஸ் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர், கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் நரம்பு சுற்றிய உருளை பல தடவை சுற்றும்படி பல்சக்கரம் வைத்து ஒரு ரீல் செய்தார். அவருக்குப் பின் அந்த வித்தையை வளர்த்த மீக் சகோதரர்களும் கடிகார வேலைக்காரர்களே. 1952-ல் சிவப்பு வர்ணத்தில் புகழ்பெற்ற அம்பாஸடர் ரீலை வெளியிட்ட ஸ்வீடன் நாட்டு அபு நிறுவனம் 1921-ல் கடிகாரத் தொழிற்சாலையாகப் பிறந்தது. ஆகவே ரீலைக் காதருகே வைத்துச் சுற்றிக் கேட்கிறவரைப் பார்த்து யாரும் சிரிக்கவேண்டாம். அது முறைப்படி வந்த பழக்கம்.

வீசும்போது பொய்யிரைதான் உருளையைச் சுழற்றுகிறது. காற்று இரையின் வேகத்தைக் குறைக்கக் குறைக்க, உருளையோ தன் போக்கில் சுழன்றுகொண்டே இருப்பதால், வெளியே போகாத நரம்பு உள்ளேயே பொங்கிச் சிக்குகிறது. இதைத் தடுக்க, வேகத்துக்கு ஏற்ப வெளியே விரிந்து உராயும் சிறு கட்டைகளும், அலுமினிய உருளையில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பித் தளையிடும் காந்தங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலான தடை கட்டைவிரல். கருவியைத் தம் வசப்படுத்துகிறவர்கள் ஆலையில் அப்பிய கிரீஸைத் துடைத்துத் தாங்குருளைகளைக் கழுவி, மெல்லிய எண்ணெயில் ஒரு சொட்டு விடுவார்கள். இது செலவில்லாத வேலை, பலனும் கைமேல். பீங்கான் மணிகள் வைத்த தாங்குருளைகள் கொஞ்சம் தூரத்தைக் கூட்டலாம், இரைச்சலை நிச்சயம் கூட்டும். வர்ணக் குமிழ்கள் வெறும் அலங்காரம். எடை குறைந்த, ஆழமில்லாத உருளை மட்டும் பணத்துக்குத் தகுந்த மாற்றம். கால் அவுன்ஸுக்கும் குறைந்த இரையை அது பூப்போல் எடுத்துச் செல்லும்.

அந்த இலேசான வீச்சைச் சாஸ்திரமாக்கியவர்கள் ஜப்பானியர். 1925-ல் அமெரிக்காவிலிருந்து ஆஷினோகோ ஏரிக்குக் கொண்டுவரப்பட்ட பாஸ் அந்நாடெங்கும் பரவி, உள்நாட்டு மீன்களைத் தின்று, 2005-ல் சட்டப்படி வேண்டாத அந்நிய உயிரினம் என்று அறிவிக்கப்பட்டது. பீவா ஏரியுள்ள ஷிகா மாகாணத்தில் பிடித்த பாஸை மீண்டும் நீரில் விடுவதே விதிக்கு மாறு. சட்டம் விரட்டுகிற மீனுக்காக அதே நாட்டில் செதில் செதிலாக வர்ணம் தீட்டிய, கண்ணுக்குள் ஒளி தங்குகிற பொய்யிரைகளைச் சிருஷ்டிக்கிறார்கள். 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் சாதனைப் பாஸுக்குச் சமமாக 2009-ல் மனாபு குரிடா பிடித்ததும் அந்தப் பீவா ஏரியில்தான். அவர் பயன்படுத்தியதோ உயிருள்ள சிறுமீன். பொய்யிரைப் பிரியர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

ஒரே ஒரு கோலுக்குத்தான் வசதி என்கிறவர், கால் அவுன்ஸிலிருந்து முக்கால் அவுன்ஸ் வரை வீசக்கூடிய ஏழடிக் கார்பன் கோலும், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை ஏழு சுற்றுப் போகிற ரீலும் வாங்கிக்கொள்ளட்டும். நடுத்தர விலையே போதும். மிச்சப் பணத்தில் கூரான முட்களும் ஒரு நல்ல குறடும் வாங்கி, பொய்யிரைகளோடு வந்த மழுங்கிய முட்களை அன்றைக்கே கழற்றி மாற்றிவிடவேண்டும்.