தழுவலா, சொந்தச் சரக்கா?

கதை எழுதுகிறவனிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்வி இது. அமெரிக்கக் கடற்படைக்காக வாட் கம்பெனி செய்த 'கட்லஸ்' என்ற ஜெட் சண்டை விமானத்தைப் பற்றி எழுதியவர்களும் இந்தக் கேள்வியையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். 1945-ல் ஜெர்மனி வீழ்ந்ததும் அங்கிருந்த விஞ்ஞானக் கடுதாசிகள் மூட்டை மூட்டையாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. அவற்றில் அராடோ கம்பெனியின் வாலில்லா விமான ஆராய்ச்சியும் இருந்தது, அதிலிருந்துதான் கட்லஸ் பிறந்தது என்பது ஒரு கட்சி. இல்லவே இல்லை என்று வாட் கம்பெனிக்காரர்கள் மறுத்தார்கள்.

இந்த வழக்கில் எனக்கு ருசியில்லை. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையைப் பற்றி புஸ்மான் என்ற ஜெர்மானியர் 1935-லேயே ரோமாபுரி மகாநாட்டில் பகிரங்கமாகப் பேசிவிட்டார். அமெரிக்காவில் ராபர்ட் ஜோன்ஸ் 1945-ல் தாமாகவே அந்த முடிவுக்கு வந்து சேர்ந்தார். யோசனைக்கு யார் பட்டா எழுதிக்கொள்வது? வந்த யோசனை புகுந்த வீட்டுக்கு ஒத்துப்போயிற்றா என்றல்லவா கேட்க வேண்டும்!

போகவில்லை. ஜெர்மானியரின் வாலில்லா மெஸ்ஸர்ஷ்மிட் 163 விசாலமான புல்தரையில் சறுக்கி இறங்கியது. கட்லஸ் இறங்க வேண்டியதோ ஆடி அசையும் கப்பல் தளத்தில். வால் உள்ள விமானம் இறக்கையின் பின்னோர மடல்களைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக வரும். மூக்கு கவிழாமல் வால் பார்த்துக்கொள்ளும். வாலில்லாததற்கு அந்தச் சௌகரியம் கிடையாது. மூக்கை நன்றாக நிமிர்த்திக்கொண்டுதான் வர வேண்டும். அதற்காக முன்சக்கரத்தின் காலைக் கொக்குக்கால் போல நீட்டினார்கள். விமானி சுமார் 14 அடி உயரத்தில் உட்கார்ந்தான். தளத்தில் மோதி அந்தக் கால் முறிந்த சம்பவங்கள் உண்டு.

எஞ்சினோ வெஸ்டிங்ஹவுஸ். அதே கம்பெனியின் ரொட்டி வாட்டும் யந்திரத்தில் இதைவிடச் சூடு அதிகம் என்று விமானிகள் கேலி செய்தார்களாம். கேலிதான், ஆனால் செய்த சுமார் 320 விமானங்களில் கால் பங்குக்கு மேல் விபத்தில் போயின. 25 விமானிகள் மாண்டார்கள். அராடோ படத்துக்கும் கட்லஸுக்கும் உள்ள ஜாடையை ஆராயப் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறவர்கள், இந்த 25 பேருக்கு ஒரு வரி கொடுக்கிறார்கள். ஜெர்மன் சரக்கு என்று சொல்லிவிட்டால், எஞ்சினுக்குச் சக்தி போதாதென்று தெரிந்தும் விமானத்தைக் கப்பலுக்கு அனுப்பியவர்களை யாரும் விசாரிப்பதில்லை.

டக்ளஸ் கம்பெனியின் 'ஸ்கைரே' விமானமும் அதே காலத்துப் பிள்ளைதான். லிப்பிஷ் என்ற ஜெர்மானியரின் முக்கோண இறக்கை ஆராய்ச்சியைப் பார்த்துச் செய்தது. அதற்கும் வால் கிடையாது. முதலில் அதற்கும் வெஸ்டிங்ஹவுஸ் எஞ்சின்தான். அது சரிப்படாது என்று கண்டதும் பிராட் விட்னி எஞ்சினைப் பொருத்தினார்கள். 1964 வரை கடற்படையில் உழைத்தது. இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்து, எஞ்சின் அறையிலிருந்து ஆரம்பித்து யாராவது எழுதினால் ஆவலோடு படிப்பேன்.