முதல் வகுப்பும் நன்னூலின் விதிவிலக்கும்

நாகூரில் கல்லூரிப் பசங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வகுப்பில் என்னைப் பற்றியே ஆறு ஸ்லைடு போட்டேன். இருபது வருட அனுபவம், வேலை பார்த்த நாடுகள், வாங்கிய சான்றிதழ்கள். முடித்துவிட்டு "டவுட் இருக்கா?" என்றேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் பாதிப் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களில் ஒரு பையன் சொன்னான்: "சார், உங்ககிட்ட சின்ன டவுட் கேட்கவே பயமா இருக்கு."

அன்று ராத்திரி நன்னூலைப் புரட்டினேன். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம். அதன் பாயிரத்திலேயே இந்தச் சிக்கல் வருகிறது. எவ்வளவு பெரிய புலவனானாலும் தன்னைத்தானே புகழ்வது தகாது என்கிறார். அடுத்த சூத்திரத்திலேயே நான்கு விதிவிலக்கு தருகிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமையை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது.

நம்மைப் போன்றவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறோம். 'பசங்களுக்கு என்னைத் தெரியாது, அதனால சொல்றேன்.' சரிதான். ஆனால் மற்ற மூன்றிலும் எதிரே இருப்பது அரசவை அல்லது எதிராளி. மாணவன் இரண்டும் இல்லை. என் ஆறு ஸ்லைடும் அவனை எதிராளியாக வைத்துப் பேசியவைதான். நன்னூலில் எனக்குக் குறையாகப் படுவதும் இங்கேதான்: எங்கே புகழலாம் என்கிறது, எவ்வளவு என்று சொல்லவில்லை.

அந்த அளவு அதே பாயிரத்தில் வேறோரிடத்தில் கிடைக்கிறது. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவை எட்டு: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். எட்டில் ஆசிரியருக்கு அவர் பெயர் மட்டும்தான். அதையும் அவரே எழுதக்கூடாது. அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணவரோ, உரைகாரரோ எழுத வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் உடன் படித்தவர் என்பது மரபு. எங்கள் ஊர் குலாம் காதிறு நாவலர் பெயரில் இருக்கும் 'நாவலர்' பட்டமும் அடுத்தவர் வாயால் வருவதுதானே.

அதற்காக "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று பதுங்குவதும் தப்பு. எதைக் கேட்கலாம் என்று பையனுக்குத் தெரியாமல் போய்விடும்.

அடுத்த பேட்ச்சுக்கு ஸ்லைடு இல்லை. பெயர் சொன்னேன். 'வழி': யாரிடம் கற்றேன். 'எல்லை': நன்னூலில் அது நூல் வழங்கும் நிலப்பரப்பு, நான் கொஞ்சம் வளைத்துக்கொண்டேன். "வெப் வேலை நல்லா தெரியும், மெஷின் லேர்னிங் நானும் இப்பதான் படிக்கிறேன்." 'பயன்': எட்டு வாரத்தில் நீங்கள் என்ன செய்ய முடியும். மொத்தம் இரண்டு நிமிடம்.

ஐந்தாவது நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், வேரியபிள்னா என்ன?"