மணிமேகலையில் அருளும் நடுவுநிலையும்

பிற சமயத்தார் பசித்து வந்தால் உணவளித்தல் ஒன்று. அவர் கூற்றினை அவர் கருதியவாறே கேட்டு மதித்தல் மற்றொன்று. முன்னையது அருள், பின்னையது நடுவுநிலை. அருள் உள்ளவிடத்து நடுவுநிலையும் தானே உளதாகும் என்பது பலர் கொள்கை. சீத்தலைச் சாத்தனார் அருளிய மணிமேகலையை ஊன்றிப் பயில்வார்க்கு அக்கொள்கையில் ஐயம் எழாதிராது.

அமுதசுரபி ஏற்பவர் யார் என்று வினவுவதில்லை. காஞ்சி மாநகர் மழைவளங் கரந்து வாடியபோது மணிமேகலை ஆண்டுச் சென்று, பதினெட்டு மொழி பேசுவார்க்கும் உணவளித்த செய்தியை இருபத்தெட்டாங் காதை கூறும். காணார், கேளார், முடவர், பேசார், பிணியுற்றார் எனச் செல்லும் அவ்வரிசையின் நடுவே நோன்பியரும் நிற்கின்றனர். அந்நோன்பியர் எச்சமயத்தார்? நூல் கூறவில்லை. பிறவிடங்களிற் சமயப் பெயரைச் சொல்லத் தவறாத புலவர் ஈண்டு வாளா விடுத்தமை கருதற்பாலது. பசியின் முன் நோன்பியும் முடவனும் ஒரு வரிசையினரே. அவர்க்குப் பின்னே விலங்கினங்களும் வந்து உண்கின்றன. அன்றியும், பௌத்த காப்பியத்தின் அருட்சின்னமாய் விளங்கும் இப்பாத்திரம் புத்தர் பெருமான் கையினின்று வந்ததன்று. மதுரையிலே, கலைமகளெனக் கொள்ளப்படும் சிந்தாதேவி ஆபுத்திரனுக்கு வழங்கியது அது. இதனைச் சாத்தனார் மறைக்கவுமில்லை, மாற்றவுமில்லை.

ஆயின், அதே ஆபுத்திரன் வரலாற்றிலே அருள் வழிதவறும் இடமும் ஒன்றுண்டு. வேள்விக்கெனக் கட்டப்பட்ட ஆவினை அவன் அவிழ்த்துக்கொண்டு சென்ற செயல் எவர் நெஞ்சையும் உருக்குவது. பின்னர் அவனைப் பிடித்து அலைத்த அந்தணர்கள் பிறப்பைச் சுட்டி இழித்துரைக்க, அவனும் முனிவர் பலரின் பிறப்பை எடுத்துக்காட்டி நகையாடுகின்றான். உயிர்க்கொலை தகுமா என்ற வினா அங்கே மறைந்துபோகின்றது. யார் பிறப்பு இழிந்தது என்பதே வழக்காகி விடுகின்றது. முதற்குற்றம் அந்தணர்மேலது என்பது உண்மையே. எனினும், கைவிடப்பட்டுக் கிடந்த அக்குழவியை எடுத்துத் தன் மகனாக வளர்த்து மறை ஓதுவித்த இளம்பூதியும் ஓர் அந்தணனே அன்றோ? வாதத்தின் வேகத்திலே அவன் நினைவு எவர்க்கும் வந்ததாகத் தெரியவில்லை.

வஞ்சி மாநகரிலே மணிமேகலை ஆண் துறவியின் வடிவு கொண்டு சமயக்கணக்கர் பலரிடம் அவரவர் திறம் கேட்கும் இருபத்தேழாங் காதை, நூலின் நடுவுநிலையை அளந்தறிதற்கு ஏற்ற இடம். எதிர்ச்சமயத்தாரையும் மேடையேற்றிப் பேசவிட்டமை பெருஞ்சிறப்பே. ஆயினும் அளவு ஒத்ததாக இல்லை. அளவைவாதியும் ஆசீவகனும் விரித்துரைக்கின்றனர். வைணவவாதியின் பேச்சோ இரண்டடியில் முடிந்து விடுகின்றது. சைவவாதியின் கூற்றில் இறைவனது எண்வகை வடிவும், படைத்தும் துடைத்தும் நிற்கும் விளையாட்டும் வருகின்றன; அடியவன் நெஞ்சு வரவில்லை. இது வண்டியிலேறி ஊர் பார்த்தவன் தந்த செய்தி போன்றது. வீட்டினுள் இருந்து உண்டவன் தந்ததன்று. நேர்நின்று வாதிடுவதும் பூதவாதி ஒருவனோடு மட்டுமே. தன் சமயத்தை நிறுவவந்த காப்பியத்தில் இஃது இயல்பு என்று அமைதி கூறலாம். கூறினும் குறை குறையே. தமிழிற் சமயவாத நூல்களின் பிற்கால வரலாறு இதனினும் கடியது. குண்டலகேசியை மறுக்க எழுந்த நீலகேசி நிலைத்திருக்க, மறுக்கப்பட்ட நூல் சில செய்யுள்களாகவே எஞ்சிற்று.

நூல் செய்யாது விட்டதை அதன் பதிப்பாசிரியர் செய்தார் எனலாம். சைவராகிய உ. வே. சாமிநாதையர் 1898 ஆம் ஆண்டு மணிமேகலையை வெளியிட்டபோது, பௌத்தக் கொள்கைகளை மளூர் ரங்காசாரியரிடம் கேட்டறிந்து, புத்தர் வரலாற்றையும் அவர்தம் தருமத்தையும் நூலோடு சேர்த்து எழுதினார். அவற்றை ஒரு பௌத்தர் படித்தால் தம் சமயத்தை அடையாளங் கண்டுகொள்வார்.

இனி, சாத்தனார் நடுவுநிலையிலும் வென்ற ஓரிடம் உண்டு. அது சமயக்கணக்கர் அவையன்று, நாகர் மலை. பொருளிழந்து கடலோடிய சாதுவன், கலம் உடைய, ஒடிந்த மரம் பற்றிக் கரைசேர்ந்து மரநிழலில் துயில்கின்றான். அவனைக் கொன்று தின்ன வந்த நாகர், தம் மொழியிலே அவன் பேசக் கேட்டு வியந்து தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். அவ்விருக்கையைப் புலவர் வருணிக்கும்போது வெறுப்பை மறைக்கவில்லை. பிணவோடு இருக்கும் கரடியே உவமையாகின்றது. எனினும் அத்தலைவன் வாயைப் புலவர் அடைத்து விடவில்லை. மகளிரும் உணவும் இன்றி மாந்தர்க்கு உலகில் வேறு பயன் யாது என அவன் கேட்கின்றான். உடம்பை விட்டு உயிர் ஏகும் என்றதும் சிரிக்கின்றான். சாதுவன் கனவையும் உறக்கத்தையும் காட்டி, அவன் அறிந்ததைக் கொண்டே அறியாததை விளக்குகின்றான். இறுதியில் அத்தலைவன், கள்ளையும் ஊனையும் விட்டால் எம் உயிர் தரியாது, எமக்கு இயலும் அறத்தைச் சொல் என்று வேண்டுகின்றான். சாதுவன் தன் அறம் முழுவதையும் அவன்மேற் சுமத்தவில்லை. கலம் உடைந்து கரையேறுவாரைக் காக்க. மூத்து இறந்த விலங்கின் ஊன் ஒழிய, உயிர்க்குத் தீங்கு செய்யாதிருக்க. அவ்வளவே. கள்ளைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை!

இருபத்தேழாங் காதையின் வாதிகள் ஒருவர்க்கும் இத்தகைய செவி கிடைக்கவில்லை. அவர்தம் பாடையை ஒருவரும் கற்றிருக்கவில்லை போலும். இக்கதையைக் காயசண்டிகை வாயிலாகச் சாத்தனார் அமைத்த இடமும் குறிக்கத்தக்கது. அமுதசுரபியில் முதற்பிச்சை விழுவதற்குச் சற்று முன்னரே இது சொல்லப்படுகின்றது. அப்பிச்சையை இட்டவள் சாதுவன் மனைவி ஆதிரை.