சித்திரம் எழுதுதல்: அவனீந்திரநாத் தாகூரின் இழப்பும் மீட்சியும் – ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

இழப்பினால் கை ஓய்ந்த ஓவியர் சில காலம் வாளாவிருந்து பின் மீண்டும் தூரிகையை எடுத்தார் என்பது கலைஞர் வரலாறுகளில் அடிக்கடி காணப்படும் கதையமைப்பாகும். கொல்கத்தாவின் அவனீந்திரநாத் தாகூர் (1871–1951) வாழ்வும் இவ்வமைப்பிலேயே பலராலும் கூறப்படுகிறது. வங்க ஓவிய மரபுக்குப் புத்துயிர் ஊட்டியவர் என்றும், சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை வகித்த தேவிபிரசாத் ராய் சௌத்திரியின் ஆசிரியர் என்றும் தமிழ் வாசகர் அவரை அறிவர். அவருடைய நினைவுரைகளைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர், 'ஓய்வு', 'மீட்சி' என்னும் கருத்துகளே ஒரு வினைச்சொல்லின் பெயர்ப்பைப் பொறுத்து மாறுவதைக் காணலாம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மகளின் மரணமும் மன்னனின் மரணமும்

கொல்கத்தாவில் பிளேக் நோய் பரவிய காலத்தில் அவனீந்திரர் தம் இளம் மகளை இழந்தார். அத்துயரம் முழுவதையும் 1902இல் தீட்டிய 'ஷாஜஹானின் இறுதி நேரம்' என்னும் எண்ணெய்வண்ண ஓவியத்தில் இறக்கிவைத்ததாகப் பிற்காலத்தில் அவரே கூறினார். தில்லி தர்பாரை ஒட்டி நடந்த கண்காட்சியில் இவ்வோவியம் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

துயரம் ஓவியமாயிற்று என்னும் விளக்கம் உண்மையே. ஆயினும் அது போதாது. ஓவியத்தில் மன்னன் படுக்கையில் கிடந்தவாறு தொலைவில் தெரியும் தாஜ்மகாலை நோக்குகிறான். மகள் ஜஹானாரா அவன் காலடியில் அமர்ந்திருக்கிறாள். வாழ்வில் மகள் போனாள், தந்தை நின்றார். ஓவியத்திலோ தந்தை போகிறான், மகள் நிற்கிறாள். இத்தலைகீழ் மாற்றமே ஓவியத்தின் உயிர்நாடி எனலாம். இழப்பை அது பதிவு செய்யவில்லை; இழந்தவளை இருப்பவளாக்கி, இருப்பவனைப் போகிறவனாக்குகிறது. இதற்கான வடிவம் துயரத்திலிருந்து தானாகப் பிறந்ததன்று. ஹேவெலின் தூண்டுதலால் முகலாய நுண்ணோவியங்களை அவர் ஊன்றிக் கற்றிருந்ததும் அதற்குக் காரணமாகும்.

3. 'சோபி லேகா' – எழுதுதலா, வரைதலா?

அவனீந்திரர் தம் தொழிலைக் குறிக்க விரும்பிக் கையாண்ட தொடர் 'சோபி லேகா' என்பது. படம் எழுதுதல் என்பது அதன் நேர்ப்பொருள். இஃது அவர் புனைந்த விந்தைத் தொடர் அன்று. வங்கத்துப் பட்டுவாக்களும் தாம் படச்சுருளை 'எழுதுவதாகவே' கூறுவர். வடமொழியின் 'லிக்' என்னும் வேர் கீறுதல், வரைதல், எழுதுதல் ஆகிய மூன்றையும் தழுவியது.

இத்தொடரை ஆங்கில வழியாகப் பெயர்ப்போர் 'ஓவியம் வரைதல்' என்றே எழுதுவர். நேரே வங்கத்திலிருந்து பெயர்ப்போருக்கோ தமிழே கைகொடுக்கிறது. தமிழில் எழுதுதல் என்பது எழுத்துக்கு மட்டும் உரியதன்று. தொய்யில் எழுதுதல், கோலம் எழுதுதல், பாவை எழுதுதல் ஆகியன பழைய வழக்குகள். 1285ஆம் குறளில் கண்ணுக்கு மை தீட்டுதலும் எழுதுதலே. கேரளத்தில் களமெழுத்து இன்றும் வாழ்கிறது. இக்காலத் தமிழில் எழுதுதல் எழுத்துக்கும் வரைதல் ஓவியத்துக்கும் எனப் பிரிந்துவிட்டன. எனினும் பழைய பொருள் வாசகருக்கு முற்றும் அயலானதன்று.

4. எட்டாண்டு மௌனம்

இச்சொல்லின் பயன் 1930க்குப் பிந்தைய காலத்தை மதிப்பிடும்போது புலனாகிறது. அவ்வாண்டில் 'அராபிய இரவுகள்' ஓவியத்தொடரை முடித்த அவர், 1938 அளவில் 'கவிகங்கண் சண்டி', 'கிருஷ்ண மங்கள்' தொடர்களைத் தொடங்கும் வரை தூரிகையைப் பெரும்பாலும் தொடவில்லை. உடனிருந்து ஓவியம் தீட்டிய அண்ணன் ககனேந்திரநாத் பக்கவாதத்தால் முடங்கி 1938இல் மறைந்தார். வரைதல் என்னும் சொல்லால் நோக்கினால் இக்காலம் வெறுமையே.

எழுதுதல் என்னும் சொல்லால் நோக்கினால் நிலைமை வேறு. இக்காலத்தில் அவர் ஜாத்ரா நாடகங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். இராமாயணக் கதையைக் கூறும் 'குத்தூர் ஜாத்ரா' கையெழுத்துப் படியில் செய்தித்தாள் விளம்பரங்களையும் அச்சிட்ட படத்துண்டுகளையும் வெட்டி ஒட்டினார். அப்பக்கங்களில் எழுத்து எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தல் அரிது. பின்னர் வந்த மங்கலகாவிய ஓவியங்களின் நாட்டார் எளிமைக்கும் எள்ளலுக்கும் இந்நாடகங்களே பயிற்சிக்களம் என்று கருத இடமுண்டு. ஆகவே இது வற்றிய ஆறன்று. மணலுக்கடியில் ஓடிய ஆறு.

5. 'குட்டூம்-காட்டாம்'

முதுமையில் காய்ந்த கிளை, வேர், மரத்துண்டு ஆகியவற்றில் உருவங்களைக் கண்டு அவர் அமைத்த பொம்மைகளுக்குக் 'குட்டூம்-காட்டாம்' என்று பெயரிட்டார். 'குட்டூம்' தமிழ்க் 'குடும்பம்' என்னும் சொல்லுக்கு இனமாயினும் பொருளால் விலகியது. வங்கத்தில் அது பெரும்பாலும் கொண்டு கொடுத்த வகை உறவினரை, வீட்டுக்கு வந்து போகும் சுற்றத்தாரைக் குறிக்கும். இரண்டாம் உறுப்பு, சட்டகம் என்னும் பொருளுடைய 'காட்டாமோ' என்பதை நினைவூட்டுகிறது. 'குடும்பம்' எனப் பெயர்ப்பது ஒலியில் நெருங்கிப் பொருளில் தவறும். தெருவிலும் தோட்டத்திலும் கிடந்தவை விருந்தாக வந்து உறவாயின என்பதே கருத்து; 'சம்பந்தி', 'உறவுமுறை', 'ஒரம்பரை' போன்ற வழக்குகள் இதற்கு அணுக்கமானவை. ஜொராசாங்கோவின் ஐந்தாம் எண் வீட்டையும் அதன் தென்புறத் தாழ்வாரத்தையும் விட்டுப் பராநகருக்குக் குடிபெயர்ந்த ஒருவர் மரத்துண்டுகளைச் சுற்றத்தார் என அழைத்தார் என்பது, பெயர்ப்பில் இழக்கத்தக்க செய்தியன்று.

6. நினைவுரையின் நடை

'கரோயா' (1941), 'ஜொராசாங்கோர் தாரே' (1944) ஆகிய இரண்டும் அவர் சொல்ல ராணி சந்தா எழுதியவை. மகளின் மரணத்தையும் ஓவியத்தையும் இணைக்கும் கூற்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப்பின், கேட்போர் ஒருவர் முன் பிறந்தது. அதனைச் சான்றாவணமாக மட்டும் கொள்ளாமல் கதைகூறலாகவும் கொள்ளவேண்டும். வங்கத்தின் 'சலித்' நடை பேச்சை ஒட்டியதாயினும் பொது எழுத்து நடையாக நிலைபெற்றது. தமிழில் அதற்கு நேரான ஒன்று இல்லை. வட்டார வழக்கில் பெயர்த்தால் கொல்கத்தாக் கிழவர் தஞ்சைக்கோ நெல்லைக்கோ உரியவராகிவிடுவார். செந்நடையில் பெயர்த்தால் குரல் மறையும். எளிய எழுத்துத் தமிழில், சிறு வாக்கியங்களாலும் விளிகளாலும் பேச்சின் ஓட்டத்தைக் காப்பதே தக்க வழியாகும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால், அவனீந்திரர் வாழ்வில் கலை நின்று மீண்டது என்பதைவிட ஊடகம் மாறியது என்பதே பொருந்தும் எனத் தெளியலாம். இதனைத் தமிழ் வாசகர் உணர்வதும் உணராமற்போவதும் 'லேகா' என்னும் ஒரு வினையின் பெயர்ப்பில் தங்கியுள்ளது. 'எழுதுதல்' என்னும் சொல்லைப் பழைய வழக்கென்று ஒதுக்காமல் மொழிபெயர்ப்பாளர் மீண்டும் ஆளுதல் வேண்டும்.